ஓர் இகரம்

நம் கல்லூரி ஆண்டுமலரின் தமிழ்ப்பகுதிக்கு ஏதேனும் எழுதித் தருக என்று பத்திராதிபர் பணித்தபோது, பழைய மாணாக்கர் பலரும் செய்வதுபோல, விடுதி வாழ்க்கையைப் பற்றியோ என் ஆசிரியன்மாரைப் பற்றியோ நான்கு பக்கம் வரைந்து அனுப்பிவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும், என் உள்ளத்தில் சில ஆண்டுகளாகவே ஒரு செய்தி கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. அது யான் செய்த ஒரு பிழையைப் பற்றியது. தமிழ் கற்று, தமிழ் கற்பித்து, ஓய்வு பெற்ற ஒருவன், ஓர் எழுத்தினால் ஒரு புலவனுக்கு இழைத்த தீங்கைப் பற்றியது. புகழ்ச்சியைச் சொல்ல இடம் பல உண்டு. பிழையைச் சொல்ல, தான் கற்ற இடத்தைவிடத் தக்க இடம் வேறு யாது?

எங்கள் நாகர்கோவிலில் திங்கள்தோறும் ஒரு கவிக்கூட்டம் நடைபெற்று வருகிறது. அதற்குப் பெயரில்லை, பதிவில்லை, சந்தாவும் இல்லை. ஒரு வாசகசாலையின் மாடியில், இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, இருபதுபேர் அளவில் கூடுவோம். சுற்றுப்புறத்தில் கவிதை எழுதுவோர் அறுவர் எழுவர் தத்தம் கவிதைகளைப் படிப்பார்கள்; மற்றையோர் கேட்பார்கள்; பின்னர் எல்லோரும் பேசுவோம்; கட்டன்காப்பியோடு கூட்டம் கலையும். 2011-ஆம் ஆண்டு தொடங்கிய நாள்முதல் அதன் காரியதரிசியாக இருந்துவருபவன் யான். நாற்காலிகளைத் துடைத்துப் போடுவதும், வருவோருக்குச் செய்தி சொல்வதும், கவிதைகளைத் தொகுத்து வைப்பதுமே அப்பதவியின் கடமைகள்.

கவிதையை அவையில் படித்துக் கேட்பது தமிழர்க்குப் புதிய வழக்கம் அன்று. நூல் செய்தவன் அதனை அவையின்கண் அரங்கேற்றுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட நெறி. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், அந்நூல் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு ஓதிக்காட்டப்பெற்றது என்று கூறுகின்றது. எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அதங்கோடு என்னும் ஊர் இன்றும் உள்ளது. அவ்வாசான் தங்கள் ஊரினரே என்பது அவ்வூராரின் நம்பிக்கை. அந்நம்பிக்கை எத்தகையதாயினும் ஆகுக. நூல் செய்தவனுடைய பெயரோடு, அதனைக் கேட்டவனுடைய பெயரையும் சேர்த்துச் சொல்லிய அப்பாயிரத்தின் பண்பை எண்ணி எண்ணி வியக்கிறேன். கேட்பதும் ஒரு தொழில் என்று அக்காலத்தார் அறிந்திருந்தனர். திருவள்ளுவரும் கல்விக்குப் பின் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார்; பேசுவோனுக்காக அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரம் வகுத்தார்.

எங்கள் நாஞ்சில்நாட்டு மண்ணிலும் இவ்வழக்கம் வேரூன்றியதே. இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே வேளையில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் சதாவதானத்தைச் செய்துகாட்டினார். கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாப் பாடுவதும் அவதானத்தின் ஓர் உறுப்பாகும். அங்குத் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. காதும் நாவுமே கருவிகள். தேரூரில் 1876-இல் பிறந்து, பள்ளியாசிரியராகப் பணிசெய்து, 1954-இல் மறைந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்களின் பாட்டுக்கள், எழுத்தறியாதார் வாயிலும் வாழ்ந்தன. அண்டையிலுள்ள திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரவர்கள் தம் இல்லத்தில் கூட்டிய வட்டத்தொட்டியோ, கவிதையைக் காதால் துய்ப்பதற்கென்றே அமைந்த ஒரு கழகம். பிற்காலத்தில், பசுவய்யா என்னும் பெயரால் கவிதை எழுதிய சுந்தர ராமசாமியவர்கள் எங்கள் நகரிலேயே 'காகங்கள்' என்ற இலக்கியக் கூட்டத்தை நடத்தினார்கள். மரபுக்கவி புதுக்கவி என்ற வேறுபாடு எவ்வளவு பெரிதாயினும், பிறர் கேட்கப் படித்துப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் இருசாரார்க்கும் பொதுவாகவே இருந்துவந்திருக்கிறது.

எங்கள் மாடிக்கு வருவோரில் பெரும்புலவர் எவரும் இலர். வடசேரியில் தறி நெய்யும் ஒருவர் வருவார். மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் ஒரு செவிலி வருவார். குளச்சல் பக்கத்துக் கடற்கரையூரிலிருந்து ஓர் இளைஞர், பேருந்து நடத்துனர் ஒருவர், கணித ஆசிரியை ஒருவர், இன்னும் சிலர். தறிக்காரர் விருத்தம் பாடுவார். செவிலியோ யாப்பின்றியே எழுதுவார். ஒருவரை ஒருவர் இகழ்வதில்லை என்பதே எங்கள் ஒரே சட்டம். அச்சட்டத்தை மீறியவன் அதனை வகுத்த யானே.

2017-ஆம் ஆண்டு தை மாதக் கூட்டத்திற்குப் புதியவர் ஒருவர் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், மெலிந்த உடல், வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள். கடைசி வரிசையில் அமர்ந்து, மூன்று மாதம் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டேயிருந்தார். விசாரித்ததில், விளவங்கோடு வட்டத்து மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி என்றும், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்றும், சிறுபிராயத்தில் தம் ஊரிலிருந்த ஓர் அண்ணாவியிடம் வெண்பாவின் ஓசையைக் கேட்டே பழகியவர் என்றும் தெரிந்தது. "அசை, சீர் என்றெல்லாம் பிரித்துச் சொல்ல எனக்கு வராது, சார். வெண்பா என்றால் ஓடும். ஓடாவிட்டால் வெண்பா இல்லை. அவ்வளவுதான் தெரியும்," என்றார்.

அவ்வாண்டு செப்டம்பர்க் கூட்டத்திற்குத் தாமும் ஒரு பாட்டுப் படிப்பதாக ஒப்புக்கொண்டு, ஆகஸ்டுக் கூட்டத்தின் முடிவில் அம்மடித்த தாளை என் கையில் கொடுத்தார். படிக்கப்படும் கவிதைகளை முன்னதாகவே கணிப்பொறியில் அச்சுக்கோத்து, நகலெடுத்து, வந்தவர்க்கெல்லாம் ஆளுக்கொன்றாக வழங்குவது அக்காலத்தில் யான் ஏற்படுத்தியிருந்த முறை. தாள் கையிலிருந்தால் கேட்போர்க்கு எளிதாகும் என்பது என் எண்ணம். அப்பாட்டையும் அவ்வாறே அச்சுக்கோத்தேன்.

கூட்டத்தன்று அவர் எழுந்து நின்றார். தாளைப் பாராமல், கண்ணை மூடிக்கொண்டு, இழுக்காமலும் பாடாமலும், நடந்துபோகிறவன் அடியெடுத்து வைப்பதுபோல நான்கடியையும் சொன்னார். சொல்லி முடித்ததும் தறிக்காரர் தம்மையறியாமல் தொடையில் தட்டினார். யானோ பென்சிலும் கையுமாக அச்சிட்ட தாளில் அலகிட்டுக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டு வெண்பா கற்பித்த கை அது, சும்மா இராது. முதலடியிலேயே ஓர் இடத்தில் பென்சில் நின்றது.

"ஐயா, கருத்து நன்று, ஆனால் முதலடியில் தளை தட்டுகிறது," என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேன் அல்லேன். 'நள்ளிரவில்' என்பது காய்ச்சீர்; அதனை அடுத்து நேரசை வந்தாலன்றி வெண்டளை ஆகாது; ஈண்டு 'இரப்பர்' என நிரையசை வந்தமையால் கலித்தளை விரவியது; கலித்தளை விரவின் அது வெண்பா எனப்படாது என்று, பத்தாம் வகுப்பு மாணாக்கனுக்குச் சொல்வதுபோல அவை நடுவே விரித்துரைத்தேன். இளைஞர்கள் தாளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். "முதலடியே இப்படியாயின் என் செய்வது?" என்று ஒரு சொல்லையும் நகைச்சுவையாகச் சேர்த்தேன். சிலர் சிரித்தார்கள்.

பெரியவர் ஒன்றும் மறுமொழி சொல்லவில்லை. தம் கையிலிருந்த அச்சுத்தாளைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார். அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். காப்பி குடிக்க நிற்கவில்லை. அக்டோபர் மாதம் அவர் வரவில்லை, நவம்பரிலும் வரவில்லை.

நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைத் தாக்கிற்று. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. மலையோரத்தில் ரப்பரும் வாழையும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. டிசம்பர் மாதம் நாங்கள் கூடினோமாயினும் கவிதை படிக்க ஒருவர்க்கும் மனம் வரவில்லை. கடற்கரையூர் இளைஞர், தம் ஊரில் திரும்பாதவர்களின் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் எழுந்து நின்று கேட்டோம். அப்போது கடைசி வரிசையில் வெறுமையாக இருந்த நாற்காலியை நோக்கினேன். 'புயலினால் வரமுடியாமற் போயிற்று. பாவம்' என்று என் மனத்துக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புயலுக்கு முன்னரே இரண்டு மாதம் அவர் வரவில்லை என்பதை நினைவு கூர விரும்பாத மனம், வந்த புயலைக் காரணமாகப் பற்றிக்கொண்டது.

2018-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஒருநாள், அவ்வாண்டுவரை சேர்ந்த கையெழுத்துத் தாள்களை ஒழுங்குபடுத்திக் கட்டிவைக்க முற்பட்டேன். அவற்றுள் அம்மடித்த தாள் அகப்பட்டது. ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் கொடுத்த ரசீது அது. அதன் பின்புறத்தில், தடித்த எழுத்தில், பாட்டு இவ்வாறு எழுதப்பட்டிருந்தது:

நள்ளிரவில் ரப்பர் மரத்தருகே நான்சென்றேன்
வெள்ளைப்பால் சொட்டும் சிரட்டை நிறைந்தது
பிள்ளைக்கோ வீட்டில் கறுத்ததோர் தேநீரே
உள்ளதைச் சொன்னேன் உனக்கு.

ஒருமுறை படித்தேன். மறுமுறை வாய்விட்டுப் படித்தேன். அவர் எழுதியிருந்தது 'ரப்பர்'. இகரம் இல்லை. 'ரப்' நேர், 'பர்' நேர், காய்ச்சீரை அடுத்து நேரசை, வழுவற்ற வெண்டளை. நான்கடியிலும் ஓரிடத்தும் பிழையில்லை. எதுகை நான்கடிக்கும் இயைந்து வந்த தூய இன்னிசை வெண்பா.

அப்படியாயின் இகரம் எங்கிருந்து வந்தது? யான் சேர்த்தது. ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது; அவ்வெழுத்தை முதலாகவுடைய வடசொற்கள் வருங்கால் அகரமோ இகரமோ உகரமோ முன்னே பெறும் என்பது நன்னூல் விதி. அரங்கம், இராமன், உரோமம் என்பன அவ்வாறு வந்தவை. அவ்விதியை அயல்மொழிச் சொற்கள் எல்லாவற்றிற்கும் நீட்டி, 'இரப்பர்', 'இரயில்' என எழுதுவது என் நெடுநாள் வழக்கம். அச்சுக்கோக்கும்போது, 'பாவம், படியாதவர். எழுத்துப்பிழை விட்டிருக்கிறார்' என்ற இரக்கத்தோடு, அலகிட்டும் பாராமல், அவர் சொல்லுக்கு முன்னே ஓர் இகரத்தை இட்டிருக்கிறேன். யான் இட்ட இகரத்தால் தளை தட்டிற்று; தட்டிய தளைக்கு அவரை அவையில் நிறுத்திக் குற்றம் சாட்டினேன். கள்ளனே நீதிபதியாக அமர்ந்த கதை இது.

இதனினும் என்னை வாட்டியது வேறொன்று. அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டு 'ரப்பர்' என்றே சொன்னார். அவ்வோசை அந்த மாடியில் ஒலித்தது. என் காதிலும் விழுந்திருக்கவேண்டும். தறிக்காரரின் தொடைக்கு அது எட்டியது. யாப்பாசிரியனுடைய காதுக்கு எட்டவில்லை. கண் தாளில் இருந்தபடியால் காது வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

அவ்வாரத்திலேயே அவருடைய ஊருக்குச் சென்றேன். பகலில் உறங்குவார், அதிகாலையில் தோட்டத்தில் காணலாம் என்று ஒருவர் சொன்னமையால், முந்தின இரவே மார்த்தாண்டத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்கி, இருள் பிரியுமுன் புறப்பட்டேன். வழியெங்கும் புயலில் சாய்ந்த மரங்கள் அறுக்கப்பட்டும் அறுக்கப்படாமலும் கிடந்தன. சரிவான ஒரு தோட்டத்தில், நின்ற மரங்களுக்கிடையே, ஒரு வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் பால் வெட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் வியந்தார். ஆயினும் வேலையை நிறுத்தவில்லை. "சூடு ஏறிவிட்டால் பால் நின்றுபோகும், சார். பேசிக்கொண்டே வாருங்கள்," என்றார். மரப்பட்டையில் முன்னாள் வெட்டிய சாய்வான கோட்டின்மேல் கத்தியை வைத்து, நூலிழை அளவே பட்டையைச் சீவினார். வெண்மையான பால் அக்கோட்டின் வழியே ஓடிவந்து சிரட்டையில் சொட்டிற்று. கத்தியின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அவரே விளக்கினார்: "பட்டையை வெட்டலாம். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடிப்போய் உள்ளே தடியில் கத்தி பட்டுவிட்டால், அந்த இடத்தில் மரம் முண்டு கட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை வருஷம் ஆனாலும் அங்கே கத்தி ஓடாது."

யான் கொணர்ந்த ரசீதுத்தாளை அவரிடம் நீட்டி, நடந்ததை ஒளியாமல் சொன்னேன். "ஐயா, உங்கள் பாட்டில் பிழையில்லை. பிழை செய்தவன் யான். உங்கள் எழுத்தை மாற்றியவனும் யான். மாற்றியதற்கு உங்களை இகழ்ந்தவனும் யான். என்னை மன்னிக்கவேண்டும்," என்றேன்.

நெற்றிவிளக்கின் ஒளியில் அத்தாளை நெடுநேரம் பார்த்தார். பின், "அன்றைக்கே பார்த்தேன், சார். 'இ' ஒன்று முன்னாலே நின்றது," என்றார்.

"அப்படியாயின் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்வேன்? நீங்கள் படித்தவர். 'இ' போட்டு எழுதினால்தான் சரியாக இருக்கும் போலும், இத்தனை வருஷம் நான்தான் தப்பாகச் சொல்லிவந்தேன் என்று நினைத்தேன். நீங்கள் 'இ' போட்டது சரி, தளை தட்டுகிறது என்பதும் சரி என்றால், எனக்கு ஓடுகிறது என்று தோன்றியதே, அது தப்பு. அப்படியானால் என் காதுதான் கெட்டுப்போயிற்று. காது கெட்டவன் வெண்பா எழுதலாமா? விட்டுவிட்டேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. அவர் என்மேல் சினந்திருப்பார், மானத்தால் வாராதிருப்பார் என்றே எண்ணிச் சென்றிருந்தேன். சினமாயின் ஆற்றலாம். அவரோ என்மேல் வைத்த மதிப்பினால் தம் காதின்மேல் வைத்த நம்பிக்கையை இழந்திருந்தார். ஐம்பது ஆண்டுகளாக, ஏடும் ஆசானும் இன்றி, இருட்டில் மரத்துக்கு மரம் நடக்கும்போது தமக்குத்தாமே சொல்லிச்சொல்லிப் பதப்படுத்திய காது அது. "புயலினால்தான் வரவில்லை என்று எண்ணியிருந்தேன்," என்று ஏதோ சொல்லவேண்டும் என்பதற்காகச் சொன்னேன். "புயல் மரத்தைத்தானே சாய்த்தது," என்று அவர் மறுமொழி கூறி, அடுத்த மரத்துக்குச் சென்றார்.

விடிந்தபின் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். அவர் துணைவியார் கட்டன்காப்பி கொடுத்தார். பேரன் ஒருவன், "பாட்டா, இது யார்?" என்று கேட்டு என் மூக்குக்கண்ணாடியையே நோக்கினான். அங்கேதான் மற்றொன்றையும் அறிந்தேன். பால் வெட்டுவோர் இரவு இரண்டு மூன்று மணிக்கே எழுந்து செல்லவேண்டும். ஆகவே அந்தி மயங்கியதும் உறங்கிவிடுவார்கள். எங்கள் கூட்டம் முடிந்து, பேருந்து மாறி, அவர் வீடு சேர இரவு பத்து மணிக்கு மேல் ஆகும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் கொடுத்த விலை ஓர் இரவின் உறக்கம். மூன்று மாதம் வாய் திறவாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர், அவ்விலையைக் கொடுத்தே எங்கள் கவிதைகளைக் கேட்டார். யானோ வீட்டிலிருந்து நடந்தே செல்லும் தூரத்தில் இருப்பவன்; அவருடைய நான்கு அடிகளைக் கேட்க எனக்குப் பொறுமையில்லை.

புறப்படும்போது, "மறுபடியும் வருவீர்களா?" என்றேன். "மழைக்காலம் வரட்டும். மழை பிடித்தால் மறுநாள் வெட்டு இராது. அப்போது பார்க்கலாம்," என்றார்.

பிப்ரவரிக் கூட்டத்தில், பாட்டின் இரு வடிவங்களையும் கரும்பலகையில் எழுதி, அலகிட்டுக் காட்டி, என் பிழையை அவைக்கு அறிவித்தேன். சிலர், ஓர் எழுத்துக்கு இவ்வளவு வருந்துவானேன் என்றார்கள். செவிலி மட்டும் எழுந்து, "சார், பிழை உங்களுடையது மட்டும் அன்று. இருபதுபேர் இருந்தோம். எல்லார் காதும் உங்கள் தாளில்தானே இருந்தது?" என்றார். அன்றே முறையை மாற்றினோம். இப்போது எங்கள் கூட்டத்தில் முன்னதாகத் தாள் வழங்குவதில்லை. கவிஞர் தம் வாயால் இருமுறை படிப்பார். இடையே ஒருவரும் பேசுவதில்லை. அதன்பின், விரும்பினால், எழுதிய தாளைக் காணலாம். அதுவும் அவர் எழுதியவாறே, ஓர் எழுத்தும் மாற்றாமல். கருத்துச் சொல்வோர், முதலில் தாம் கேட்டது இன்னது என்று சொல்லிக் கவிஞரின் இசைவைப் பெற்ற பின்னரே குறை சொல்லலாம்.

'ரப்பர்' என்ற சொல்லைப் பற்றியும் பலநாள் சிந்தித்தேன். அம்மரம் பிரேசில் நாட்டுக் காட்டுமரம். 1876-ஆம் ஆண்டு அதன் விதைகள் லண்டன் நகரத்துக் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டு, அங்கு முளைத்த நாற்றுக்கள் இலங்கை முதலிய கீழ்நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. அவ்வழியாகக் கீழ்நாடுகளில் பரவிய மரம், இன்று எங்கள் மலையடிவாரத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. மரம் வேர்விட்டதுபோல அதன் பெயரும் அம்மக்கள் நாவில் வேர்விட்டது. இலக்கண விதியை யான் இகழ்கிறேன் அல்லேன். உரைநடையில் இன்றும் பல சொற்களுக்கு இகரம் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால், நாள்தோறும் அம்மரத்தைத் தொட்டு வாழ்கிறவன் தன் பாட்டில் அதனை எவ்வாறு அழைக்கிறானோ, அவ்வாறே அது அப்பாட்டில் நிற்கவேண்டும். செய்யுளில் எழுத்து என்பது ஓசையின் அடையாளம். அடையாளத்தைத் திருத்தி ஓசையைக் கெடுப்பது திருத்தம் ஆகாது.

ஜூன் மாதம் பிறந்தது. தென்மேற்குப் பருவமழையும் பிறந்தது. இரண்டாம் சனிக்கிழமை காலைமுதலே விடாத மழை. எவரும் வரமாட்டார் என்று எண்ணி, ஏழெட்டு நாற்காலிகளை மட்டும் போட்டேன். ஐந்தரை மணிக்குப் படியில் குடை மடக்கும் ஓசை கேட்டது. வேட்டி முழங்கால்வரை நனைந்திருக்க, பெரியவர் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார்.

அவர் முறை வந்ததும் முதலில் அப்பழைய வெண்பாவையே சொன்னார். இருமுறையும் 'ரப்பர்' என்ற சொல் வந்தவிடத்தில் தறிக்காரர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு, "புதிதாக ஒன்று," என்று சொல்லி வேறொரு வெண்பாவைப் படித்தார். புயலில் சாய்ந்த மரத்தின் வேரைப் பற்றியது அது. மூன்றாம் அடியில் ஏதோ ஒன்று என் காதில் இடறிற்று. மறுமுறை படித்தபோதும் அதே இடத்தில் இடறிற்று. ஆயினும் யான் வாய் திறக்கவில்லை, எவ்வாறு திறப்பேன்? நன்று, மிக நன்று என்றே மற்றவரோடு சேர்ந்து சொன்னேன்.

பெரியவர் அமரவில்லை. நின்றபடியே என்னை நோக்கி, "சார், மூன்றாம் அடியில் எனக்கு ஓடவில்லை. நான்கு நாளாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லமாட்டீர்களா?" என்றார்.

அவர் காது கெடவில்லை. அதனை அவரும் மீண்டும் நம்பத் தொடங்கிவிட்டார் என்று அப்போது அறிந்தேன். பொய்ப்புகழ் சொல்லி அவரை ஏமாற்ற முயன்றதும் முன்னையதற்குக் குறையாத பிழையே என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. குறை காண்பதில் அவசரப்பட்டவன் யான். பின்னர் அஞ்சிக் குறையை மறைத்தவனும் யான். இரண்டும் கேளாமையின் இரு முகங்கள். பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு எழுந்து, "இன்னொருமுறை படியுங்கள், ஐயா. கேட்டுச் சொல்கிறேன்," என்றேன். மழையோசைக்கிடையே அவர் மூன்றாம் முறை படித்தார். இருவருமாகச் சேர்ந்து அவ்விடத்தைக் கண்டோம். 'அது என் பிழைதான்' என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். வேறு சொல்லையும் அவரே கண்டார்.

இளைய மாணாக்கர்களே, கற்ற கல்வி நம் கண்ணைக் கூர்மையாக்குகிறது, அது நன்றே. அக்கல்வியின் பொருட்டு நம் காதை அடைத்துக்கொள்ளாதிருப்போமாக. நம் கல்லூரி வாயிலைத் தாண்டிச் செல்லும் பேருந்துகளில், நாம் அறியாத புலவர்கள் சட்டைப்பையில் மடித்த தாளோடு சென்றுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் வரும்போது, அவர்களுடைய சொல்லை அவர்கள் சொன்னவாறே முதலில் கேட்போம். நாகர்கோவில் பக்கம் வரும் பழைய மாணாக்கர், இரண்டாம் சனிக்கிழமை மாலை எங்கள் மாடிக்கு வரலாம். நாற்காலிகள் துடைத்துப் போடப்பட்டிருக்கும். மழைநாளாயின், ஒருகால், கடைசி வரிசையில் அப்பெரியவரையும் காணலாம்.